குட்டிக்கிளிக்குப் போட்ட பூட்டு

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இப்ப நான் பேசுறது முழுக்க மனசுக்குள்ள. உள்ள எல்லாம் சரளமா ஓடுது, ஒரு குறையும் இல்ல. வாயைத் திறந்தா முந்திக்கிட்டு வெளிய வர்றது ஒரே ஒரு வார்த்தை. "சனியன்."

நான் மீன் ஏலம் விட்டவன். துறைமுகத்து ஏலக்கூடத்துல நான் குரல் குடுத்தா, தண்ணிக்குள்ள படகுல நின்னு வலை பிரிக்கிறவன் வரைக்கும் திரும்பிப் பார்ப்பான். மைக்கு வாங்கித் தர்றோம்னாங்க. அட போங்கய்யா, மைக்கு என் குரலைத் தாங்குமான்னேன். அவ்வளவு திமிரு. பேரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல, சின்னவன் பெரியவன் எல்லாருக்கும் நான் ஏலக்காரர்தான். ஒரு நாள் காலையில, "ஒரு தரம்" சொன்னேன், "ரெண்டு தரம்" சொன்னேன். மூணாவது தரம் வரவே இல்ல. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, வலது கை தொங்கிப்போச்சு, ஐஸ் பெட்டி மேல அப்படியே சாஞ்சுட்டேன். எதிர்ல நின்ன வியாபாரி நான் இழுத்தடிக்க நடிக்கிறேன்னு நெனச்சானாம். அடப்பாவி.

ஆஸ்பத்திரியில டாக்டர் என் பொண்டாட்டிகிட்ட எடுத்துச் சொன்னார். மூளையில ரத்தம் அடைச்சதுல பேச்சு வர்ற இடம் அடி வாங்கியிருக்கு. மத்தவங்க சொல்றது அவருக்குப் புரியும். சொல்ல நெனைக்கிறதுதான் வராது, எழுதவும் படிக்கவும் வராது. ஆனா வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகினது, எண்ணுறது, திட்டுறது, அதெல்லாம் அதுபாட்டுக்கு வந்து விழும்னார். அவர் சொல்லி வாய் மூடல, நர்ஸ் ஊசியோட வந்தாங்க. நான் கணீர்னு, "சனியன்!"

"பேச்சு போயும் இந்த மனுஷனுக்குத் திட்டு போகல பாருங்க டாக்டர்"னு அவ சிரிச்சா. அந்தச் சிரிப்புல எனக்குப் பாதி உசிரு வந்துச்சு.

அப்புறம் நர்ஸ் போனதும் அவளைக் கூப்பிட நெனச்சேன். பேரு நாக்கு நுனியில நிக்குது. இத்தனை வருஷமா கூப்பிட்ட பேரு, எங்க போயிடும்? வாயைத் திறந்து, அவ முகத்தைப் பார்த்து, "சனியன்"னேன். அவ மறுபடியும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டா. தண்ணிச் சத்தத்துக்குள்ள அவ அழுதது எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கே ஒரு வைராக்கியம் வெச்சுக்கிட்டேன். அவ காதுல விழற மாதிரி வாயால ஒழுங்கா சொல்ற வரைக்கும் அவ பேரை மனசுக்குள்ளகூட சொல்றதில்லன்னு. அதனாலதான் இங்கயும் சொல்லல.

அவளுக்கு ரயில்வே கேட்ல வேலை. ரெண்டு தெரு தள்ளி, தண்டவாளம் ரோட்டைக் குறுக்கே வெட்டுற இடத்துல ஒரு சின்ன ரூம். ஸ்டேஷன்லேருந்து போன் வந்தா கைப்பிடியைச் சுத்திக் கேட்டை இறக்கணும், பச்சைக் கொடியோட நிக்கணும், வண்டி போனதும் ஸ்டேஷன்ல கேட்டுட்டுத் திறக்கணும். ஹாரன் அடிக்கிறவன், கெஞ்சுறவன், 'அவசரம்க்கா'ன்னு அலுத்துக்கிறவன், ஒருத்தனுக்கும் மசிய மாட்டா. வேலைக்குச் சேர்ந்தப்ப அவளுக்குச் சொல்லிக்குடுத்த முதல் பாடம்: சந்தேகமா இருந்தா மூடு. மூடிட்டு அப்புறம் கேளு. இத்தனை வருஷத்துல அவ கேட்ல ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டதில்ல. ஊரே நிம்மதியா தண்டவாளத்தைத் தாண்டுதுன்னா அது அவளாலதான், அதை நான் யார்கிட்ட வேணா சொல்லுவேன். சொல்ல முடிஞ்சா.

அந்தப் பாடத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துட்டா. அங்கதான் வந்துச்சு வினை.

எங்களுக்கு ஒரே பொண்ணு. ஆறாவது முடிச்சு ஏழாவது. பொறந்தப்ப கையளவுதான் இருந்தா, ஆனா கத்தின கத்துல வார்டே எழுந்துச்சு. அன்னிக்கு நான் வெச்ச பேரு மிளகு. போன வருஷம் இந்த மிளகு போர்வைக்குள்ள போனை வெச்சுக்கிட்டுத் துண்டு துண்டு வீடியோவா பார்த்துக்கிட்டிருந்தா. எவனோ ஆடுவான், எவளோ கேக்கு வெட்டுவா, இது விடிய விடியச் சிரிக்கும். அம்மா கையும் களவுமா புடிச்சுட்டா. போன் கடைக்காரரைப் புடிச்சு, பிள்ளை போனை அம்மா போன்லேருந்தே பூட்டுற வசதியை வாங்கிட்டு வந்துட்டா. எந்த ஆப்புக்கு எவ்வளவு நேரம்னு அவதான் தீர்மானிப்பா. நேரம் முடிஞ்சா ஆப்பு இருட்டாயிடும், நடுவுல ஒரு நீலப் பொத்தான் வரும், 'அம்மாவிடம் கேள்'னு. அதை அமுக்கினா அம்மா போன்ல மணி அடிக்கும். அம்மா மனசு வெச்சா திறக்கும், இல்லாட்டி சிவப்புப் பெருக்கல் குறி வந்து நிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை எதை எவ்வளவு நேரம் பார்த்தான்னு கணக்கும் வரும்.

அதை அன்னிக்கு நானும் கைதட்டி வரவேற்றேன். "வீட்டுக்குள்ளயும் கேட்டைப் போட்டுட்டியாடி"ன்னு கேலி பண்ணினேன். அப்ப எனக்கு வாய் இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி சொல்லிக்குடுக்க ஒரு அம்மா இருந்தாங்க. படம் போட்ட அட்டையைக் காட்டி, "இது என்ன? ஆ... ஆ..."ன்னு ஆரம்பிச்சு விடுவாங்க, நாம முடிக்கணும். தினமும் செய்யணும், விட்டா விட்டதுதான்னாங்க. ஆஸ்பத்திரி அந்தக் கோடி, நாங்க இருக்கிறது மூணாவது மாடி, படி இறங்க ரெண்டு ஆள் வேணும். கொஞ்ச நாள் போனோம், அப்புறம் நின்னு போச்சு. வீட்டுல என் பொண்டாட்டி முயற்சி பண்ணினா. பாவம், பொறுமையே கிடையாது. நான் "த... த..."ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள "தண்ணியா? தலையணையா? தலை வலிக்குதா?"ன்னு மூணையும் கொண்டுவந்து முன்னால வெச்சிடுவா. வண்டி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சாகணும் அவளுக்கு. நான் வாயை மூடிக்குவேன்.

மிளகுதான் ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து, பையைக்கூடக் கழட்டாம என் பக்கத்துல உக்காந்தா.

"அப்பா, இதைப் பாரேன். அந்த ஆஸ்பத்திரி அம்மா காட்டின அட்டை மாதிரியே இருக்கு."

குட்டிக்கிளின்னு ஒரு ஆப்பு. மூணு வயசுப் பிள்ளைங்களுக்கானது. பச்சைக் கிளி ஒண்ணு றெக்கையை அடிச்சுக்கிட்டு வரும், "வா வா, சொல்லு சொல்லு! ஆடு!"ன்னு கீச்சுன்னு கத்தும். நாம திருப்பிச் சொன்னா நட்சத்திரம் குடுக்கும். ஊருக்கே ஏலம் விட்டவன், ஒரு பொம்மைக் கிளிகிட்ட நட்சத்திரம் வாங்க உக்காந்தேன். கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றதுன்னு பேச்சுக்குச் சொல்லுவோமே, இங்க கிளி எனக்குச் சொல்லிச்சு.

முதல் நாள் எல்லாத்துக்கும் "சனியன்"தான். ஆட்டுக்கும் சனியன், வீட்டுக்கும் சனியன். மிளகு உருண்டு உருண்டு சிரிச்சா, எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வாசல்ல அம்மா செருப்புச் சத்தம். நான் சட்டுன்னு இடது கையால பிள்ளை வாயைப் பொத்தினேன். அவ கண்ணை உருட்டி, "அம்மாகிட்ட சொல்லக் கூடாதா?"ன்னு விரலுக்குள்ளேருந்து கேட்டா. தலையாட்டினேன். "சத்தியமா?" மறுபடியும் ஆட்டினேன். என் பொண்டாட்டியை மறுபடியும் ஒரு குழாய்க்குப் பின்னால அழ வைக்கக் கூடாது, பேரோட போய் நிக்கணும்னு எனக்கு வெறி. கொஞ்சம் வீம்பும்தான், இல்லேன்னு சொல்லல.

அதுலேருந்து தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம். அவ டீச்சர், நான் மக்குப் பையன். பள்ளிக்கூடத்துல ஓட்டப் பயிற்சி இருந்துச்சு அவளுக்கு, அதை நிறுத்திட்டு ஓடி வந்திடுவா. "ஆடு" வந்துச்சு. அன்னிக்கு அவ எழுந்து குதிச்சா, கீழ்வீட்டுக்காரர் கம்பால மேல தட்டினார். அப்புறம் "மாடு". அப்புறம் ஒரு வாரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் திடீர்னு "வீடு". அந்த ஆப்புல நம்ம போட்டோவைப் போட்டு, நம்ம குரலையும் பதிஞ்சு புது அட்டை செய்யலாமாம். அம்மா கேட்ல கொடியோட நிக்கிற போட்டோவைப் போட்டு மிளகு ஒரு அட்டை செஞ்சா. அதுக்குக் கிளி கத்தாது, மிளகு குரல்தான் வரும். கடைசிப் பாடம் அதுதான்னு முடிவு பண்ணியிருந்தோம்.

எனக்கு ஒரு வார்த்தை வர எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னா நம்ப மாட்டீங்க. வாய்க்குள்ள ஒவ்வொரு எழுத்தா தேடணும். அவ ஒரு தடவைகூட 'சீக்கிரம்'னு சொன்னதில்ல. எங்கேருந்து வந்துச்சோ இந்தப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை, எங்க ரெண்டு பேர் வம்சத்துலயும் கிடையாது.

அப்புறம் அந்த வாரக் கணக்கு வந்துச்சு.

என் பொண்டாட்டி வேலை முடிஞ்சு வந்து, சட்டையைக்கூட மாத்தல. நேரா மிளகுகிட்ட வந்து தன் போனை நீட்டினா.

"இது என்னடி? குட்டிக்கிளி? தினமும் இவ்வளவு நேரம்! மூணு வயசுக் குழந்தைங்க விளையாடுறதாம், கடைக்காரர் சொல்றார். உன் டீச்சர் கூப்பிட்டாங்க. வீட்டுப்பாடம் எழுதறதில்ல, ஓட்டப் பயிற்சிக்கு வர்றதே இல்ல, கணக்குல கோட்டை விட்டிருக்கான்னாங்க. என்ன ஆச்சு உனக்கு? புத்தி பின்னால போகுதா?"

மிளகு என்னைப் பார்த்தா. பார்த்துட்டுத் தரையைப் பார்த்தா.

"வாயைத் திறந்து சொல்லு! எதுக்குப் பார்க்கிற அதை?"

"பிடிச்சிருக்கு."

"என்ன பிடிச்சிருக்கு?"

"கிளி."

அதோட கல்லு மாதிரி உக்காந்துட்டா. என் மகளாச்சே, சத்தியத்தை மென்னு முழுங்கிட்டு உக்காந்திருந்தா. அம்மா அரைமணி நேரமா குறைச்சா. அப்புறம் அதையும் பாதியாக்கினா. அந்த நேரம் எனக்கு வாயைச் சூடு பண்ணவே பத்தாது. ஏதோ ஒரு எழுத்து எட்டிப் பார்க்கும்போது திரை இருட்டாயிடும். மிளகு நீலப் பொத்தானை அமுக்குவா, பெருக்கல் குறி வரும். மறுபடியும் அமுக்குவா. ஒரு நாள் "மாடு" போச்சு. நேத்து இருந்த வார்த்தை, இன்னிக்குத் தேடினா இடமே காலி. பயந்துட்டேன். ஒவ்வொண்ணா எல்லாம் போய், கடைசியில அந்தச் சனியனோடதான் சாகணுமோன்னு தோணிச்சு.

அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல நானே வீம்பை மூட்டை கட்டி வெச்சுட்டுச் சொல்லிடலாம்னு பார்த்தேன். போனைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டேன், வாயைத் தொட்டேன். எனக்கு, எனக்காகன்னு அர்த்தம். என் பொண்டாட்டி உத்துப் பார்த்தா.

"என்னங்க? போனை உங்ககிட்ட குடுத்திடச் சொல்றீங்களா? அதான் நானும் சொல்றேன், கேக்க மாட்டேங்கிறாளே!"

இல்லடி, இல்ல. வேகமா தலையை ஆட்டினேன். மிளகைக் காட்டினேன். பிள்ளை மேல தப்பு இல்லன்னு சொல்லணும். ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏற, பிள்ளையை நோக்கிக் கையை நீட்டி, தொண்டை கிழிய வாயைத் திறந்தேன்.

"சனியன்!"

மிளகுக்குத் தெரியும், எனக்கு இருக்கிறது அந்த ஒண்ணுதான்னு. ஆட்டுக்கு, மாட்டுக்கு எல்லாம் அவ அதைக் கேட்டுச் சிரிச்சவதான். ஆனாலும் என் விரல் அவளை நோக்கி நீட்டியிருந்துச்சு. தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா.

"பாரு, பெத்த அப்பாவே வெறுத்துப் போற அளவுக்கு வந்தாச்சு"ன்னா அவ அம்மா. சொல்லும்போது அவளுக்கே குரல் உடைஞ்சுச்சு.

அந்த நேரத்துல என் வாயை நானே அறைஞ்சுக்கணும் போல இருந்துச்சு.

அடுத்த நாள் குட்டிக்கிளியை மொத்தமா பூட்டிட்டா. போனைப் பிடுங்கி அலமாரி மேல வெச்சா. அக்காவுக்குப் போன் பண்ணினா. மிளகோட பெரியம்மா வேற ஊர்ல இருக்காங்க, ரொம்பக் கண்டிப்பு, வீட்டு எதிர்லயே பள்ளிக்கூடம். அங்க ஒரு வருஷம் இருந்தா சரியாயிடுவான்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சாங்க.

"எனக்கு மட்டும் ஆசையா?"ன்னு என்கிட்ட வந்து கேட்டா. "நான் அங்க கேட்ல, நீங்க இங்க கட்டில்ல. நடுவுல அது கை நழுவிப் போயிட்டிருக்கு. கண்ணெதிர்ல வண்டி வரும்போது யோசிச்சுக்கிட்டு நிக்க முடியுமா? முதல்ல மூடணும்ங்க." என் காலடியில உக்காந்து போர்வையைச் சரி பண்ணினா. அவ மேல கோபப்படக்கூட முடியல எனக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா வர்றதா பேச்சு. அன்னிக்குக் காலையில மிளகு கடைசியா ஸ்கூலுக்குக் கிளம்பினா. துணிப்பை கட்டி வாசல்கிட்ட தயாரா இருந்துச்சு. என் பக்கத்துல வந்து குனிஞ்சு, "நான் சொல்லலப்பா. கடைசி வரைக்கும் சொல்லல"ன்னு காதுல சொன்னா. பெருமையா சொன்னா, அதான் கொடுமை. அவ அம்மாவும் வேலைக்குப் போயிட்டா. கதவு சாத்திச்சு. நானும் அந்தப் பையும்தான் வீட்டுல.

கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கிட்டிருந்தேன். அப்புறம் அலமாரி மேல இருந்த போனைப் பார்த்தேன்.

கைத்தடியை இடது கையில புடிச்சு எழுந்தேன். கட்டில்லேருந்து அலமாரி, நீங்க நெனச்சா எட்டிப் புடிக்கிற தூரம். எனக்கு அது ஒரு ஊர்ப் பயணம். சுவத்துல சாஞ்சு, தடியால போனை விளிம்புக்குத் தள்ளத் தள்ள, அது பொத்துன்னு மெத்தையில விழுந்துச்சு. நல்லவேளை உடையல. திறக்கிறதுக்கு மிளகு ஒரு கோடு போடுவா, வீட்டுக் கூரை மாதிரி. தினமும் பார்த்ததுதானே. ரெண்டு தடவை சறுக்கிச்சு, மூணாவதுல திறந்துச்சு. கிளியைத் தொட்டேன். திரை இருட்டாச்சு, நீலப் பொத்தான் வந்துச்சு. எழுத்தை என்னால படிக்க முடியாது, ஆனா நீலம் நீலம்தானே.

அமுக்கினேன். வாய் தானா சொல்லிச்சு: "ஒரு தரம்."

அங்க கேட் ரூம்ல அவ போன்ல மணி அடிச்சிருக்கும். கொஞ்ச நேரத்துல பெருக்கல் குறி வந்துச்சு. யார், என்னன்னு பார்த்திருக்க மாட்டா. கை பழக்கம்.

மறுபடியும் அமுக்கினேன். "ரெண்டு தரம்."

பெருக்கல்.

ஏலம் விடுறவனுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஒண்ணும் ரெண்டும் மடமடன்னு சொல்லிடலாம், மூணாவது தரத்தை மட்டும் அவசரப்படுத்தக் கூடாது. எதிர்ல நிக்கிறவன் யோசிக்கிறதுக்கு இடம் விடணும். அந்த மௌனத்துலதான் அவன் மனசு மாறும். வியாதி வந்ததுலேருந்து என்னால அது முடியாம இருந்துச்சு, ஆரம்பிச்சா வாய் நிக்காது, மூணையும் கொட்டிட்டுத்தான் ஓயும். அன்னிக்குப் பல்லைக் கடிச்சு நிறுத்தினேன். விரலைப் பொத்தான் மேல வெச்சுக்கிட்டு, அமுக்காம உக்காந்திருந்தேன். யோசிடி. இந்த நேரத்துல பிள்ளை எங்க இருக்கும்? போன் எங்க இருக்கு? யோசிச்சுப் பாரு.

என் கழுத்துல தொங்குற பட்டன் போன் அடிச்சுச்சு. ஏதாவது ஆபத்துன்னா அமுக்கறதுக்காக அவ மாட்டி விட்டது. எடுத்தேன்.

"மிளகு ஸ்கூல்ல இருக்கா. இப்பத்தான் டீச்சர்கிட்ட கேட்டேன்." "அப்ப வீட்டுல யாரு? யாரு அமுக்குறது?"

மூச்சை இழுத்தேன். "சனியன்"னேன்.

அவ மெதுவா, "நீங்களா?"ன்னா. "உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கிளி?"

நான் என்னத்தைச் சொல்ல? "ஆடு"ன்னேன். ஒழுங்கா, முழுசா, கணீர்னு. "ஆடு. வீடு."

அதே நேரம் அங்க ஸ்டேஷன் போன் கிர்ர்னு அலறிச்சு.

"வண்டி வருது. வைக்காதீங்க. வெச்சிடாதீங்க! திறந்து விடுறேன், இருங்க." டக் டக்குன்னு போனைத் தட்டிட்டு அவ அதை மேஜை மேல வைக்கிற சத்தம். கைப்பிடி கடகடன்னு சுத்துற சத்தம். அங்க கேட் இறங்க இறங்க, இங்க என் மடியில திரை வெளிச்சமாச்சு. கிளி றெக்கையை அடிச்சுக்கிட்டு வந்துச்சு.

கிளியை ஓரம் கட்டிட்டு, அந்தக் கடைசி அட்டையைத் தேடி எடுத்தேன். கொடியோட நிக்கிறா என் பொண்டாட்டி, வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு. அவ கேட்டை இறக்கி முடிச்சு, போனை எடுத்துக்கிட்டுக் கொடியோட வாசலுக்கு நடக்குற காலடி கேட்டதும், பட்டன் போனைப் பக்கத்துல வெச்சுப் படத்தைத் தொட்டேன். மிளகு குரல் வந்துச்சு.

"அப்பா, இது யாரு? கொடி புடிச்சிருக்காங்க பாரு." அப்புறம் அம்மா பேரை அழகா, எழுத்தெழுத்தா பிரிச்சுச் சொன்னா. "இதை மட்டும் சொல்லிட்டேன்னா போதும், நேரா அம்மாகிட்ட போய் நிக்கலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல. அவசரமே இல்லப்பா. நான் எங்கயும் போக மாட்டேன்."

வாசல்ல கட்டி வெச்ச பை எனக்கு நேரா இருந்துச்சு.

நான் வாயைத் திறந்தேன். முதல் எழுத்து வந்துச்சு. விடல. ரெண்டாவது வந்துச்சு. வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டு அவ கேட்டைத் தாண்டின அந்த நேரத்துல, நான் அவ பேரைச் சொன்னேன். முழுசா சொன்னேன். சத்தியமா சொன்னேன். தடதடன்னு பெட்டி பெட்டியா வண்டி அதுக்கு மேல ஏறிப் போச்சு.

எல்லாம் அடங்கினதும் அவ குரல் வந்துச்சு. "என்ன சொன்னீங்க? வண்டிச் சத்தத்துல கேக்கல. என்னங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

தேடினேன். எங்கயும் காணோம். "சனியன்"னேன், எனக்கு அழுகை வந்துடுச்சு.

"சரி, சரி, பரவால்ல"ன்னா. அவளும் அழுதுக்கிட்டுத்தான் இருந்தா, இந்தத் தடவை குழாயெல்லாம் இல்ல. "அந்தப் பிள்ளை குரலை மட்டும் இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன். அவ கேக்கக் கேக்கப் போட்டுக்கிட்டே இருந்தேன்.

சாயங்காலம் மிளகு வந்தப்ப அவ அம்மா என் பக்கத்துல வாசலைப் பார்த்து உக்காந்திருந்தா. பெரியம்மாவை வர வேண்டாம்னு சொல்லியாச்சு, அது பிள்ளைக்குத் தெரியாது. வாசல்லயே நின்னா, செருப்பைக் கழட்டல. பையைத் தேடினா. பை இருந்த இடத்துல இல்ல.

நான் அவளைப் பார்த்து, "சனியன்"னேன்.

"வந்துட்டேன்பா"ன்னா, சாதாரணமா. அப்புறம் என் மடியில தன் போன் இருக்கிறதைப் பார்த்து முகம் வெளிறிப்போச்சு. "அம்மா, நான் எடுத்துக் குடுக்கல. நான் எதுவும் சொல்லல."

"தெரியும். நீ சொல்ல மாட்டே. அவர்தான் சொன்னார்"ன்னா அவ அம்மா. பிள்ளையை இழுத்துத் தலையை வயித்தோட சேர்த்துக்கிட்டா. ரொம்ப நேரம் விடல. ஒரு மன்னிப்புகூட அவ வாயிலேருந்து வரல, எங்க வீட்டுல வார்த்தைக்குப் பஞ்சம் எனக்கு மட்டும் இல்ல போல. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு எழுந்தா. "நீ சொல்லிக் குடு. நான் இருந்தா அவருக்கு வராது, எனக்கும் வாய் சும்மா இருக்காது. உள்ள போறேன்."

சமையலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா. முழுசா சாத்தல.

மிளகு என் பக்கத்துல உக்காந்தா. கொடி புடிச்ச படத்தை எடுத்து வெச்சா. அதுல பதிஞ்ச குரலைப் போடல, தானே சொன்னா.

"சொல்லுப்பா. அவசரமில்ல. நான்..."

அங்கயே நிறுத்திட்டா. அதுக்கு மேல சொல்லலாமா கூடாதான்னு அவளுக்குத் தெரியல. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தா.

கதவுக்குப் பின்னாலேருந்து குரல் வந்துச்சு.

"நீ எங்கயும் போக மாட்டே. மெதுவாவே சொல்லச் சொல்லு."